ஒட்டு நிற்க வேண்டும்: வெல்டிங் தொழிலின் அரிச்சுவடி

ஊரை விட்டு எழும்பும் விவசாயக் குடும்பம் ஒன்று தன்னோடு எதை எடுத்துச் செல்கிறது? பிள்ளைகளை, அடையாள அட்டைகளை, சட்டி பானையை, முடிந்தால் ஒரு மண்வெட்டியை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்ற நம்மவர்கள், அங்கே காடு வெட்டிப் பயிர் செய்தார்கள். பின்னர் போர் அவர்களை அங்கிருந்தும் விரட்டியது. சிலர் திரும்பவும் தோட்டத்து உறவினரின் லயக் காம்பராக்களுக்கே வந்து சேர்ந்தார்கள். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பகுதியில் வீடு வாசலை விட்டு இடம் மாறியவர்களும் நம்மிடையே உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர் தப்பியவர்கள் உடுத்த உடையோடு முகாமுக்குப் போனார்கள்.

நிலத்தை இழந்தவருக்குக் கையில் மிஞ்சுவது தொழில். எந்தத் தொழிலானாலும் அரைகுறையாகத் தெரிந்தால் அது சோறும் போடாது, சில வேளை உயிரையும் வாங்கிவிடும். கொட்டகலையிலும் அட்டனிலும் தலவாக்கலையிலும் பாதையோரத்துப் பட்டறைகளில் நீல ஒளி தெறிப்பதை நாம் தினமும் காண்கிறோம். "அண்ணே, இந்த மண்வெட்டியைக் கொஞ்சம் ஒட்டிக் குடுங்க" என்று போய் நிற்கிறோம். நம் பிள்ளைகளில் பலர் அங்கே எடுபிடியாக நிற்கிறார்கள். ஆகவே இரண்டு தரப்பினருக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஒன்று, கருவியை ஒட்டுவதற்குக் கொண்டுபோகும் விவசாயி. மற்றது, அந்த வேலையைக் கற்றுப் பிழைக்க விரும்பும் இளைஞன் அல்லது யுவதி.

இரும்பு நமக்குப் புதிதல்ல

இந்த மலைநாட்டுக்கும் இரும்புக்கும் உள்ள உறவு தேயிலைத் தொழிற்சாலைகளோடு தொடங்கியதல்ல. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவப் பகுதியில், மலைச்சரிவுகளில் பழங்கால இரும்பு உலைகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஜில் ஜுலெஃப் என்னும் தொல்லியல் ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்து 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். அந்த உலைகளுக்குத் துருத்தி ஊத ஆள் தேவைப்படவில்லை. தென்மேல் பருவக்காற்று மேற்கு நோக்கிய சரிவில் மோதும் வேகத்தையே துருத்தியாக வைத்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு இரும்பு உருக்கினார்கள். நம் கூரைத் தகரத்தைத் தூக்கிச் செல்லும் அதே காற்றுத்தான்!

இந்தியாவில் தில்லியில் நிற்கும் இரும்புத் தூண் ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் பழமையானது. சுமார் 7 மீற்றர் உயரமும் 6 தொன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. அது ஒரே வார்ப்பல்ல. சூடாக்கிய இரும்புக் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அடித்து இணைத்துச் செய்தது. வெல்டிங்கின் மூத்த வடிவம் அதுவே. இரண்டு இரும்புத் துண்டுகளை வெண்சூடு வரும்வரை உலையில் வைத்து, பட்டடைக் கல்லில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சம்மட்டியால் அடித்தால் அவை ஒன்றாகிவிடும். நமது கொல்லர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தார்கள்.

மின்சாரம் வந்த பிறகு வழி மாறியது. 1880களில் ரஷ்யப் பேரரசில் பெனார்டோஸ் என்பவர் கரிக்கோல் ஒன்றுக்கும் உலோகத்துக்கும் இடையே மின்பொறியை எரியவிட்டு இரும்பை உருக்கினார். 1888இல் சிலாவியானோவ் என்பவர் கரிக்கோலுக்குப் பதிலாக உலோகக் கம்பியையே பயன்படுத்தினார். கம்பியே உருகி இடைவெளியை நிரப்பியது. ஆனால் வெறுங்கம்பியால் வைத்த ஒட்டு நொறுங்கக்கூடியதாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சுவீடன் நாட்டு ஷெல்பெர்க் என்பவர் கம்பிக்கு மேல் பூச்சு ஒன்றைப் பூசினார். இன்று கொட்டகலைப் பட்டறையில் எரியும் கம்பி அதன் வழிவந்ததே.

ஒட்டு என்றால் என்ன?

உலோகங்களைச் சூட்டினால் இணைக்க மூன்று வழிகள் உண்டு. இவற்றைப் பிரித்தறிவது முதற் பாடம்.

முதலாவது, ஈயப் பற்று வைத்தல். வானொலிப் பெட்டியின் உள்ளே, தகரப் பாத்திரத்தின் ஓட்டையில் வைப்பது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 190 பாகை செல்சியசுக்குள்ளேயே உருகிவிடும். பாத்திரம் உருகாது.

இரண்டாவது, பித்தளைப் பற்று. கேஸ் சுவாலையால் சூடாக்கிப் பித்தளைக் கம்பியை ஓடவிடுவது. 450 பாகைக்கு மேற்பட்ட சூடு வேண்டும். இங்கும் அடி உலோகம் உருகுவதில்லை. சைக்கிள் சட்டங்கள் பல இவ்வாறு இணைக்கப்பட்டவை.

மூன்றாவது, வெல்டிங். இதில் இரண்டு துண்டுகளின் விளிம்புகளுமே உருக வேண்டும். தூய இரும்பு 1,538 பாகையில் உருகுகிறது. மின்பொறியின் சூடு அதைவிடப் பல மடங்கு. உருகிய இரண்டு விளிம்புகளும் கம்பியிலிருந்து வரும் உலோகமும் ஒரே குளமாகக் கலந்து இறுகுகின்றன.

வீட்டு உதாரணம் ஒன்று சொல்லலாம். கடதாசிகள் இரண்டைப் பசை தடவி ஒட்டுவது முதல் இரண்டு வழிகளையும் போன்றது. ரொட்டி மா உருண்டைகள் இரண்டைச் சேர்த்துப் பிசைந்து ஒன்றாக்குவது வெல்டிங்கைப் போன்றது. பிசைந்த பின் எது எந்த உருண்டை என்று சொல்ல முடியாது. மேலே கொஞ்சம் உலோகம் படிந்து, கீழே விளிம்பு உருகாமல் இருந்தால் அது வெல்டிங் அல்ல. பார்வைக்கு அழகாக இருக்கும், பாரம் விழுந்ததும் பிரிந்துவிடும்.

மெஷினும் கம்பியும்

நமது பட்டறைகளில் காணப்படும் மெஷின்கள் இருவகை. ஒன்று பாரமான பழைய டிரான்ஸ்போமர். மற்றது தோளில் தொங்கவிடக்கூடிய இன்வேட்டர். இரண்டும் செய்வது ஒன்றே: வீட்டு மின்சாரத்தின் வோல்ற்றளவைக் குறைத்து, அம்பியரைக் கூட்டித் தருகின்றன. ஒரு முனை கம்பியைப் பிடிக்கும் ஹோல்டருக்கும், மறுமுனை வேலைப் பொருளைக் கவ்வும் எர்த் கிளாம்புக்கும் போகிறது.

3.2 மில்லிமீற்றர் கம்பியொன்று எரியும்போது பொறியில் ஏறத்தாழ 24 வோல்ற்றும் 110 அம்பியரும் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 2,600 வாற்றுக்கு மேல். மெஷினில் வீணாகும் பங்கையும் சேர்த்தால் இன்னும் கூடும். நூறு வாற்றுக் குமிழ்கள் இருபத்தைந்து முப்பதை ஒரே வயரில் எரியவிடுவதற்குச் சமம். லயக் காம்பராவுக்கு விளக்கெரிக்க இழுத்த மெல்லிய வயர் இதைத் தாங்காது. வயர் சூடாகித் தீப்பிடித்தால் ஒரு காம்பரா மட்டுமல்ல, வரிசை முழுவதும் எரியும். மெஷின் வாங்குவதற்கு முன்னர், தகுதிபெற்ற மின் தொழிலாளி ஒருவரிடம் மானிப் பெட்டியையும் வயரையும் எர்த்தையும் காட்டுங்கள்.

மெஷின் வாங்குபவர் அதன் தகட்டில் எழுதியிருப்பதையும் வாசிக்க வேண்டும். 200 அம்பியர், 30 சதவீதம் என்று இருந்தால், அந்த அம்பியரில் பத்து நிமிடத்துக்கு மூன்று நிமிடம் மாத்திரமே தொடர்ந்து எரிக்கலாம், மீதி நேரம் ஆற விட வேண்டும் என்பது பொருள். மலிவான மெஷின்கள் சீக்கிரம் கருகுவதற்கு இதைக் கவனிக்காமையே பெரும்பாலும் காரணம்.

கம்பிக் கட்டில் 6013 என்ற எண்ணைக் காண்பீர்கள். அது விலையுமல்ல, கம்பெனியின் இலக்கமும் அல்ல. முதல் இரண்டு எண்கள் பலத்தைக் குறிக்கும்: ஒட்டு உலோகம் சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல் இழுவையைத் தாங்க வேண்டும். மூன்றாவது எண் 1 என்றால் கிடையாகவும் செங்குத்தாகவும் தலைக்கு மேலும் எரிக்கலாம். கடைசி எண் பூச்சின் வகையையும் ஏற்ற மின்சாரத்தையும் சொல்கிறது. 7018 என்பது கூடிய பலமுள்ள, ஐதரசன் குறைந்த கம்பி. பாரம் தாங்கும் வேலைகளுக்கு உரியது.

கம்பியின் பூச்சு எரியும்போது வாயு எழுந்து, உருகிய இரும்பைச் சுற்றியுள்ள வளியிலிருந்து காக்கிறது. வளியிலுள்ள ஒட்சிசனும் நைதரசனும் உள்ளே புகுந்தால் ஒட்டு நொறுங்கும். பூச்சின் மீதி கறுப்புக் கசடாக மேலே படிந்து, ஒட்டு மெதுவாக ஆறுவதற்குப் போர்வையாகிறது. பூச்சு உதிர்ந்த கம்பியைப் பாவிப்பது போர்வையில்லாமல் குளிரில் படுப்பதற்கு ஒப்பாகும்.

படிப்படியாகச் செய்முறை

1. சுத்தம். துரு, பெயின்ற், எண்ணெய், மண் ஆகியவற்றைக் கம்பித் தூரிகையாலும் கிரைண்டராலும் நீக்கி, வெள்ளை இரும்பு தெரியும்படி செய்யுங்கள். ஒட்டு வைக்கும் இடத்தைச் சுற்றி ஓர் அங்குலமாவது சுத்தமாக இருக்க வேண்டும்.

2. விளிம்பு. 3 மில்லிமீற்றர் தகடானால் சிறிய இடைவெளி விட்டு நேராக வைத்தால் போதும். 6 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் தடிப்பானால், இரண்டு விளிம்புகளையும் சாய்வாக அராவி வாய்க்கால் போல் ஆக்க வேண்டும். அப்போதுதான் சூடு அடிவரை செல்லும்.

3. அம்பியர். 2.5 மில்லிமீற்றர் கம்பிக்கு 60 முதல் 90 வரை, 3.2 மில்லிமீற்றருக்கு 90 முதல் 140 வரை. குறைந்தால் கம்பி ஒட்டிக்கொள்ளும், உலோகம் மேலே குவியும். கூடினால் விளிம்பு அரித்து ஓட்டை விழும். ஒரு கழிவுத் துண்டில் முதலில் எரித்துப் பாருங்கள்.

4. புள்ளி ஒட்டு. இரண்டு முனைகளிலும் நடுவிலும் சிறு புள்ளிகள் வைத்துப் பிடித்துக்கொண்டு, மூலைமட்டத்தால் சரிபார்த்த பின்னரே முழு ஒட்டையும் வையுங்கள். இரும்பு சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து எரித்தால் கதவுச் சட்டம் கோணிவிடும். அங்குமிங்குமாக மாறி மாறிச் சிறு நீளங்களாக வைத்தால் கோணல் குறையும்.

5. எரித்தல். தீக்குச்சி உரசுவது போல் உரசிப் பொறியை எழுப்பி, கம்பியின் தடிப்பளவு தூரத்தில் பிடியுங்கள். செல்லும் திசையில் கம்பியைச் சற்றே சரித்து, ஒரே வேகத்தில் நகர்த்துங்கள். கண் ஒளியைப் பார்க்கக்கூடாது, அதன் பின்னால் உருகி நிற்கும் குளத்தைப் பார்க்க வேண்டும். ஒரே சீராகப் பொரிகின்ற சத்தம் நல்ல அறிகுறி.

6. கசடு நீக்கல். ஆறியதும் சுத்தியலால் கசடைத் தட்டி, தூரிகையால் தேய்த்த பின்னரே அடுத்த வரியை வையுங்கள். தட்டும்போது கண்ணாடி அணியுங்கள். சூடான கசடு கண்ணுக்குள் பாயும்.

மலைநாட்டில் பெரிய எதிரி ஈரம்

பனியும் மழையும் மாறி மாறி வரும் நமது பிரதேசத்தில், கம்பிப் பூச்சு ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. பொறியின் சூட்டில் நீர் பிரிந்து ஐதரசன் வெளிப்படுகிறது. அது உருகிய இரும்புக்குள் புகுந்தால் ஒட்டில் ஊசித் துளைகள் விழும். தடித்த இரும்பிலும் காபன் கூடிய உருக்கிலும் இன்னுமொரு ஆபத்து உண்டு. ஒட்டு வைத்துப் பல மணி நேரம் கழிந்து, சில வேளை மறுநாள், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு தோன்றும். மாலையில் உறுதியாக இருந்தது காலையில் முறிந்தால் பேய் பிசாசின் வேலையல்ல, ஈரத்தின் வேலை.

கம்பிக் கட்டை நிலத்தில் வைக்காதீர்கள். மூடியுள்ள பெட்டியில், உள்ளே பழைய இழைக் குமிழ் ஒன்றை எரியவிட்டு வைத்தால் ஈரம் அண்டாது. எல்.ஈ.டி. குமிழ் சூடாவதில்லையாதலால் அது இதற்குப் பயன்படாது. ஈரமான 6013 கம்பியை நூறு பாகை அளவில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் போதும். 7018 கம்பிக்கு 300 பாகைக்கு மேற்பட்ட அடுப்புச் சூடு வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில், கட்டு உடைத்து நாட்பட்ட 7018 கம்பியை முக்கியமான வேலைக்கு எடுக்கக்கூடாது.

ஈரம் ஆளையும் தாக்கும். எரியாமல் நிற்கும் ஹோல்டரில் 50 முதல் 80 வோல்ற்று வரை இருக்கும். காய்ந்த கைக்கு அது பெரிதாகத் தெரியாது. நனைந்த உடையோடு, சேற்றில் நின்று, வெறுங்கையால் கம்பி மாற்றுபவரை அது கொல்லக்கூடும். மழையில் வேலை வேண்டாம். காய்ந்த பலகையொன்றின் மேல் நின்று, காய்ந்த தோல் கையுறை அணிந்து வேலை செய்யுங்கள்.

எந்த இரும்பு என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்

சாதாரண மென்னுருக்கில் காபன் 0.25 சதவீதத்துக்கும் குறைவு. கதவுச் சட்டம், கிராதி, குழாய் எல்லாம் இந்த வகை. இலகுவாக ஒட்டும். மண்வெட்டி, முள்ளு, அலவாங்கு நுனி, கவ்வாத்துக் கத்தி ஆகியவற்றில் காபன் கூட. தேயிலை மெஷின்களின் உடற்பகுதி, பழைய தையல் மெஷின் கால் போன்ற வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை.

கிரைண்டர் கல்லில் இலேசாகத் தொட்டு பொறியைப் பாருங்கள். மென்னுருக்கு நீண்ட வைக்கோல் போன்ற மஞ்சள் கோடுகளைத் தரும். காபன் கூடிய உருக்கு மத்தாப்புப் போல் கிளைவிட்டுச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாகவும் மங்கிய சிவப்பாகவும் இருக்கும்.

மண்வெட்டி ஒட்டும்போது நடக்கும் தவறு என்ன? குளிர்ந்த இரும்பில் ஒட்டு வைத்து, உடனே தண்ணீரில் தோய்த்து ஆற்றுவது. அப்போது ஒட்டின் பக்கத்து இரும்பு கண்ணாடி போல் கடினமாகி, முதற் கல்லில் பட்டதும் ஒட்டின் ஓரமாகவே முறியும். சரியான முறை இது: ஒரு துளி நீர் விட்டால் துள்ளி ஓடும் அளவுக்கு இரும்பை முதலில் சூடாக்குங்கள். 7018 போன்ற காய்ந்த கம்பியால் சிறு நீளங்களாக ஒட்டுங்கள். பிறகு அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள். வெட்டும் விளிம்பு இச்சூட்டில் தன் கடினத்தை இழக்கலாம். அதைத் திரும்பத் தோய்ச்சல் போடுவது கொல்லரின் வேலை. கழுத்துப் பகுதியின் வெடிப்பை ஒட்டலாம். வாய்ப்பகுதி உடைந்த மண்வெட்டிக்குப் பணம் செலவழிப்பதைவிடப் புதியது வாங்குவது பெரும்பாலும் இலாபம். வார்ப்பிரும்புக்கு நிக்கல் கம்பி வேண்டும். அனுபவமில்லாதவர் அதில் கை வைத்தால் ஒரு வெடிப்பு மூன்றாகும்.

உயிருக்கு உலை வைக்கும் ஐந்து காரியங்கள்

ஒன்று, எண்ணெய் பீப்பா. தண்ணீர் பிடிக்கவென்று டீசல், பெற்றோல், மண்ணெண்ணெய் இருந்த பீப்பாக்களை வெட்டச் சொல்லிக் கொண்டுவருகிறார்கள். நிறைந்த பீப்பாவைவிட வெறும் பீப்பாவே ஆபத்தானது. அடியில் தங்கிய சிறிதளவு எண்ணெய் ஆவியாகி வளியோடு கலந்து நிற்கும். ஒரு பொறி போதும், மூடி ஆளின் தலையைக் கொண்டுபோய்விடும். கொட்டகலையில் உள்ளது போன்ற எரிபொருள் களஞ்சியங்களில் நெருப்பு வேலை செய்வதற்கு முன் வாயு அளந்து, எழுத்துமூல அனுமதி பெறுவது நடைமுறை. பெரிய நிறுவனங்களே அவ்வளவு பயப்படும்போது, பாதையோரப் பட்டறை துணியக்கூடாது. கிருமிநாசினி இருந்த கலன்கள் நச்சுப் புகையையும் கக்கும். அவற்றில் தண்ணீர் பிடிப்பதே தவறு.

இரண்டு, டயர் பூட்டிய சில்லு. காற்று இறக்கப்பட்டிருந்தாலும் டயரோடு உள்ள சில்லில் ஒட்டு வைக்கக்கூடாது. சூட்டில் இறப்பரிலிருந்து எழும் வாயு வெடிக்கும். கேஸ் சிலிண்டர், கொம்பிரசர் தாங்கி, கொதிகலன், வாகனத்தின் ஸ்டியறிங் உறுப்புகள் ஆகியவையும் சாதாரண பட்டறைக்குரியவை அல்ல.

மூன்று, நாகம் பூசிய குழாயும் தகரமும். நாகம் 907 பாகையில் ஆவியாகி வெண்புகையாக எழும். சுவாசித்தவருக்கு அன்று மாலையே நடுக்கமும் காய்ச்சலும் உடல்வலியும் வரும், ஓரிரு நாளில் தணியும். பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்பது பரவலான நம்பிக்கை. பால் வயிற்றுக்குப் போகிறது, புகையோ நுரையீரலுக்குப் போகிறது. பூச்சை அராவி நீக்கி, திறந்த வெளியில், காற்றுக்கு முதுகோ முகமோ காட்டாமல் பக்கவாட்டில் நின்று ஒட்டுவதே பாதுகாப்பு. வெல்டிங் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் தீர்மானித்தது. ஆகவே காற்றோட்டம் என்பது சொகுசல்ல.

நான்கு, கண். பொறியிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்படலத்தைச் சுடுகிறது. அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடுச்சாமத்தில், கண்ணுக்குள் மணல் கொட்டியது போல் எரியும். கறுப்புக் கண்ணாடி போதாது. 60 முதல் 160 அம்பியருக்கு 10ஆம் இலக்கக் கண்ணாடி பூட்டிய முகமூடி வேண்டும். கண் சுட்டுவிட்டால் தாய்ப்பாலோ இலைச்சாறோ விடாதீர்கள். குளிர்ந்த ஈரத்துணியால் மூடி, வெளிச்சம் படாமல் இருந்து, வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து நிற்பார்கள். அவர்களுக்கு முகமூடி இல்லை. பட்டறையைச் சுற்றி ஒரு மறைப்புக் கட்டுவது உரிமையாளரின் கடமை.

ஐந்து, தீ. பொறிகள் பல மீற்றர் தூரம் தெறிக்கும். விறகு, சாக்கு, உலர்ந்த புல் ஆகியவற்றை அகற்றுங்கள். ஒரு வாளி மணலும் தண்ணீரும் அருகில் இருக்கட்டும். மெஷின் மின்சாரத்தோடு இருக்கையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேலை முடிந்து அரை மணி நேரமாவது அவ்விடத்தில் நின்று பார்த்த பின்னரே கதவைப் பூட்டுங்கள்.

ஒட்டைச் சோதிப்பது எப்படி?

காசு கொடுப்பவருக்குச் சோதிக்க உரிமை உண்டு. கசடு நீக்கிய ஒட்டைக் காட்டச் சொல்லுங்கள். பெயின்ற் பூசிய பிறகு காட்டினால் ஏற்காதீர்கள். ஒட்டின் வரி சீராக, மீன் செதில் போல் அடுக்கடுக்காக இருக்க வேண்டும். ஓரத்தில் பள்ளம் அரித்திருந்தால், ஊசித் துளைகள் இருந்தால், நடுவில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அது நிற்காது.

தண்ணீர்த் தொட்டி போன்றவற்றின் ஒட்டுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பக்கத்தில் சுண்ணாம்பைத் தடவி உலரவிட்டு, மறுபக்கத்தில் மண்ணெண்ணெய் தடவுங்கள். சற்று நேரத்தில் சுண்ணாம்பில் ஈரக்கறை தோன்றினால் அங்கே ஓட்டை உண்டு. திரும்ப ஒட்டுவதற்கு முன் மண்ணெண்ணெயை நன்கு துடைத்துக் கழுவி உலர்த்துவது அவசியம்.

கற்பவர் தன்னையே சோதிக்கலாம். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மாத்திரம் ஒட்டு வைத்து, ஆறியதும் ஒட்டின் பக்கமாகச் சம்மட்டியால் அடித்து மடக்கி உடையுங்கள். உள்ளே மூலைவரை உலோகம் உருகியிருக்கிறதா, கசடு அடைபட்டிருக்கிறதா என்று தெரியும். நூறு துண்டு உடைத்தவன் வாடிக்கையாளரின் கதவை உடைக்கமாட்டான்.

கைத்தொழிலும் சான்றிதழும்

நம் முன்னோர் பலர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். அதே திருச்சியில் 1960களில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தது. 1975இல் அங்கே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கப்பட்டது. கொதிகலன் குழாயின் ஒட்டுக்களை ஊடுகதிர்ப் படமெடுத்துச் சோதிப்பது அத்தகைய ஆலைகளின் வழக்கம். அங்கே கதிரின் முன் நிற்கும் ஒட்டை வைக்கத் தெரிந்தவனுக்கே தனி மதிப்பு.

தொழிற்கல்வி திருச்சபைக்கும் அந்நியமானதல்ல. தொன் போஸ்கோ அடிகளார் 1853இல் தூரின் நகரில் ஏழைச் சிறுவர்களுக்காகச் செருப்புத் தைக்கும் பட்டறையும் தையற் பட்டறையும் தொடங்கினார், பின்னர் இரும்புப் பட்டறையும் வந்தது. அவரது சலேசிய சபையினர் 1956இல் இலங்கைக்கு வந்து, நீர்கொழும்பிலும் பின்னர் மன்னார் முருங்கன் உட்பட வேறிடங்களிலும் தொழிற்பயிற்சி அளித்து வருகிறார்கள். மலையகத்தில் அட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்திலும், தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் விசாரியுங்கள். எந்தப் பாடநெறி தமிழில் நடக்கிறது, எப்போது தொடங்குகிறது என்று நேரில் கேட்டு எழுதி வாருங்கள்.

தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வீ.கியூ. சான்றிதழில் வெல்டிங் தொழிலும் உண்டு. நான்காம் மட்டம் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளியைக் குறிக்கும். பட்டறையில் பல ஆண்டு வேலை செய்து கையால் கற்றவர்கள், திரும்ப வகுப்பில் இருக்காமலேயே தமது திறமையை மதிப்பீடு செய்வித்துச் சான்றிதழ் பெறுவதற்கும் வழி உண்டு. "முன் கற்றலை அங்கீகரித்தல்" என்று இதைக் கேளுங்கள். இடம்பெயர்ந்தபோது பாடசாலைப் பத்திரங்களைத் தொலைத்தவர்களுக்கு இது பெரிய வாசல். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். கை நடுங்காமல் ஒரே வேகத்தில் நகர்த்துவதே இத்தொழிலின் உயிர். விடிந்தது முதல் கொழுந்தெடுக்கும் கைகளுக்கு அது வராதா?

வெளிநாட்டில் வெல்டருக்கு வேலை என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள். வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு, பணியகத்திலேயே சரிபார்த்த பின் பேசுங்கள். போலிச் சான்றிதழோடு போனவரை முதல் நாள் சோதனைத் தகடே காட்டிக் கொடுத்துவிடும். கடன் மட்டும் இங்கே காத்திருக்கும்.

சொந்தமாகத் தொடங்க விரும்புவோர் தாலியை அடகு வைத்து மெஷின் வாங்க ஓட வேண்டாம். முதலில் ஒரு நல்ல பட்டறையில் ஒரு வருடமாவது நில்லுங்கள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு மெஷினும் இரண்டு முகமூடிகளும் வாங்கலாம். கம்பி, கிரைண்டர் தட்டு, மின்சாரம், மெஷின் தேய்மானம், உங்கள் நேரம் என ஐந்தையும் கணக்கில் எழுதி விலை சொல்லுங்கள். கம்பிக் காசை மாத்திரம் வாங்குபவர் தன் உழைப்பைத் தானமாகக் கொடுக்கிறார்.

இதனால் நிலத்தை மறந்துவிடுங்கள் என்று யாரும் பொருள்கொள்ளக்கூடாது. இழந்த காணிக்கான உரித்துப் பத்திரம், முறைப்பாட்டுத் துண்டு, கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்துக் கேட்டுக்கொண்டே இருங்கள். நிலம் திரும்பக் கிடைக்கும் நாளில் ஏர் முனையும் நீர்க்குழாயும் தள்ளுவண்டியும் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் அந்தக் கிராமத்துக்குத் தேவைப்படுவார்.

புனித யோசேப்புவைத் தச்சர் என்கிறோம். நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல், மரவேலை செய்பவரை மட்டுமல்ல, பொதுவாகக் கட்டுமானக் கைவினைஞரையும் குறிக்கும். அவரும் குழந்தையோடும் மனைவியோடும் எகிப்துக்கு இடம்பெயர்ந்தவரே. அங்கே அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது அவர் கைத்தொழில்தான் என்று நம்ப இடமுண்டு. 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதலாம் திகதியைத் தொழிலாளரான யோசேப்புவின் திருநாளாக ஏற்படுத்தினார். வரும் மே முதலாம் திகதிக்குள் உங்கள் தோட்டத்திலோ குடியிருப்பிலோ உள்ள ஒரு பிள்ளையையாவது பயிற்சி நிலையத்துக்கு அழைத்துச் சென்று பெயர் பதியுங்கள். பட்டறையில் ஏற்கெனவே நிற்கும் பிள்ளையானால், அவனிடம் முகமூடி இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.